நான் குறைத்துச் சொன்ன எண்ணிக்கை

ஈரி, பென்சில்வேனியா
ஆகஸ்ட் 28, புதன்கிழமை

அன்புள்ள தம்பி டரெலுக்கு,

அக்கா மார்லா எழுதுவது. இங்கே நானும் கஸ்ஸும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நலம் என்று அதைத்தான் சொல்ல வேண்டும். பள்ளி திறந்து மூன்று நாள் ஆகிறது. காலை ஐந்தரைக்கே பள்ளிப் பேருந்தை ஓட்டக் கிளம்புகிறேன். பிள்ளைகளின் கூச்சல் வீட்டுக்கு வந்த பிறகும் காதை விட்டுப் போவதில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் கஸ் செய்த ஒரே உருப்படியான காரியம், முதுகுக்கு ஒரு தலையணை தைத்துக் கொடுத்ததுதான்.

சனிக்கிழமை பேஸ்பாலின் மேல்மட்ட அணியிலிருந்து ஒருவர் உன் பந்துவீச்சைப் பார்க்க வருகிறார், அவருக்குப் பிடித்துவிட்டால் செப்டம்பரிலேயே உன்னை மேலே எடுத்துக்கொள்வார்கள் என்று நீ அனுப்பிய செய்தியைக் கஸ் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். முப்பத்துமூன்று வயதில் முதல் அழைப்பு. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நேற்று உன் ஆட்டத்தைக் கைபேசியில் பார்த்தேன். உன் முழங்கையைப் பற்றிப் பேச வேண்டும். போனில் பேசினால் நீ டெக்ஸஸ் வெயிலைப் பற்றி ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் கடிதம். வெள்ளிக்கிழமை கண்டிப்பாகக் கிடைத்துவிடும் என்று அஞ்சலகத்தில் சொன்னார்கள்.

முதலில் ஊர்ச் செய்தி. அமெரிக்கக் கால்பந்து தொடங்குகிறது. ஊருக்கென்று சொந்தமாக ஓர் அணி இல்லாத பாவத்துக்கு நாம் சுற்றியுள்ள மூன்று ஊர்களின் தோல்விக்கும் சேர்த்து அழ வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு ப்ரூயிட் பஃபலோ கொடியை ஏற்றிவிட்டார். எதிர்வீட்டில் கிளீவ்லாந்து. கஸ் வழக்கம்போல் பிட்ஸ்பர்க். ஞாயிற்றுக்கிழமை வேலியோரம் நின்றுகொண்டு, "இந்த வருஷமாவது ஜெயிப்பீங்களா, இல்ல கொடிய மடிச்சு தலையணை உறை தைக்கக் குடுத்துடுவீங்களா?" என்று கஸ் வம்புக்கு இழுத்தார். "உங்க ஆளுங்க பந்தப் பிடிக்கிற லட்சணத்துக்கு யாரோ சோப்பு தடவிக் குடுத்த மாதிரி இருக்கு, நீ பேசாதப்பா" என்றார் ப்ரூயிட். இரண்டு பேருக்கும் ஐம்பதை நெருங்கும் வயது. நான் துணி உலர்த்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் நானும் ஒரு வார்த்தை சேர்த்திருப்பேன், இப்போது வாயைத் திறக்கவே அலுப்பாக இருக்கிறது.

பேஸ்பாலும் அப்படித்தான் ஆகிவிட்டது. ஒரு பந்துக்கு இத்தனை நொடிதான் என்று கடிகாரம் வைத்ததிலிருந்து ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. கஸ்ஸுக்கு அதில் மகிழ்ச்சி. எனக்கு ஹாட்டாக் வரிசையில் நின்று திரும்புவதற்குள் ஓர் இன்னிங்ஸ் போய்விடுகிறது. பந்து வீசுகிறவன் மூக்கைச் சிந்தக்கூட நேரமில்லை. இருபது வயதுப் பிள்ளைகள் எல்லாரும் உயிரைக் கொடுத்து வேகமாக வீசுகிறார்கள், வாரத்துக்கு ஒருவன் முழங்கைத் தசைநாரை அறுத்துக்கொண்டு படுக்கிறான். அந்தச் செய்தியை யாரும் இப்போது முழுதாகப் படிப்பதுகூட இல்லை. நான் படிக்கிறேன்.

சரி, சுற்றி வளைத்தது போதும். நேற்று நான்காவது இன்னிங்ஸில் இரண்டு முறை பந்து வீசும் மேட்டுக்குப் பின்னால் போய் நின்றாய். மரத்துப்போனதுபோல் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் தொடையில் வைத்துத் தேய்த்தாய். வர்ணனையாளர், "பழைய கை, ஆனா பதறாத கை" என்று புகழ்ந்துகொண்டிருந்தார். வலது கைக்காரனான நீ உள்ளே போய்த் தண்ணீர் பாட்டிலை இடது கையால் எடுத்தாய். ஆட்டம் முடிந்ததும் எனக்கு, "கை அருமையா இருக்கு" என்று அனுப்பினாய். டரெல், பொய் சொல்லும்போது மட்டும்தான் நீ எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுகிறாய். பள்ளி நாளில் உன் முழங்கைக்கு அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் அப்போதே சொன்னார்: "இன்னொரு தடவ அறுந்துச்சுன்னா, பந்து வீசறத விடு தம்பி, தலை சீவறதுகூட இடது கையாலதான்."

உன்னைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று இன்று சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக் கடைசி வருடம் நான், அதற்கு முந்தைய வகுப்பு நீ. எதிரணியில் ஒருவன்கூட அடித்து ஓடிச் சேராத அந்த ஆட்டம். ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்து நீ வந்து பெஞ்சில் உட்கார்ந்தாய். அப்படிப்பட்ட நேரத்தில் பந்து வீசுகிறவனோடு யாரும் பேசக்கூடாது, அதைப் பற்றி மூச்சும் விடக்கூடாது, விட்டால் ஆட்டம் கெட்டுவிடும். உன் இரண்டு பக்கமும் மூன்று மூன்று இடம் காலியாக விட்டிருந்தார்கள். நீ வீசும் பந்துக்கு ஒரு புள்ளி வைத்துக் கணக்கெழுதும் வேலை எனக்கு; நோட்டும் பென்சிலுமாக நான் பெஞ்சின் கோடியில் இருந்தேன். அன்றும் நீ பாட்டிலை இடது கையால்தான் எடுத்தாய். நான் பார்த்தேன்.

நூறு பந்தைத் தாண்டினால் உன்னை எடுத்துவிடுவதாகப் பயிற்சியாளர் ஹான்லன் அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். கடைசிக்கு முந்தைய ஆறாவது இன்னிங்ஸ் முடிந்ததும் உன்னைப் பார்க்காமலே என் பக்கம் குனிந்து, "எத்தனை ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். அன்று நீ குறி தவறிய பந்துகளால் நிறையப் பேரை அடிக்காமலே முதல் தளத்துக்கு நடக்க விட்டிருந்தாய். நோட்டில் நூற்றுப் பதின்மூன்று புள்ளிகள் இருந்தன. நான், "தொண்ணூத்தி நாலு சார்" என்றேன்.

உண்மையைச் சொன்னால் ஆட்டம் கெட்டுவிடும் என்ற பயம் ஒன்று. அதைவிட, அப்படியொரு பக்கத்தை என் கையால் எழுதி முடிக்க வேண்டும் என்ற ஆசை. அவர் திரும்பியதும் ரப்பரை எடுத்துப் பத்தொன்பது புள்ளிகளை அழித்தேன். கடைசி ஆள் வெளியேறியதும் எல்லாரும் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நானும் ஓடினேன்.

மூன்று வாரத்தில் உன் முழங்கைத் தசைநார் அறுந்தது. பந்துவீச்சுக்காகக் கிடைக்கவிருந்த கல்லூரி இடம் போயிற்று. யாரோ எடுத்த வீடியோவை அப்பா உட்கார்ந்து எண்ணினார், நூற்று இருபத்தொன்பது. நம் சமையலறையில் நின்று ஹான்லன் ஒரு முறை என் முகத்தைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "எண்ணிக்கைய நான்தான் கோட்ட விட்டேன்" என்றார். சாகும்வரை அப்பா அவரோடு பேசவில்லை. நான் பாத்திரம் கழுவிக்கொண்டே அதைக் கேட்டேன். வாய் திறக்கவில்லை. பதினாறு வருடமாகத் திறக்கவில்லை.

உன்னுடைய ஒவ்வோர் ஆட்டத்தையும் நான் பார்ப்பது ரசிகை என்பதால் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் கையைத்தான் பார்க்கிறேன். அந்தப் பயம் இல்லாமல் ஓர் ஆட்டமாவது பார்த்திருப்பேனா என்று யோசித்தேன், நினைவில்லை. மிகவும் களைத்துவிட்டேன் டரெல்.

சனிக்கிழமை உங்கள் அணியின் டாக்டர் வழக்கம்போல், "கை எப்படி இருக்கு?" என்று கேட்பார். உள்ளதைச் சொல். அழைப்பு போகலாம், போகட்டும் என்று என்னால் எளிதாக எழுத முடியவில்லை; அது உனக்கு எவ்வளவு பெரியது என்று தெரியும். சொல்லாமல் இருந்து என்ன ஆயிற்று என்பதும் எனக்குத் தெரியும்.

கடவுள் உன் கையைக் காப்பாற்றட்டும். ஹான்லனிடம் நாளை நேரில் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன். என்மேல் கோபப்படு, எத்தனை வருடம் வேண்டுமானாலும் பேசாமல் இரு. மன்னிப்பதற்கு அவசரமில்லை. சனிக்கிழமை டாக்டரிடம் வலிக்கிறது என்று மட்டும் சொல்லிவிடு, தம்பி.

இப்படிக்கு,
உன் அக்கா
மார்லா