உன் வாகனத்துக்குக் கண்ணாடி போட்ட வாரம்

மச்சான்,

நேற்று ஒரு பலகை வாங்க கட்டடச் சாமான் கடைக்குப் போயிருந்தேன். வெட்டிக் கொடுக்கிற மேசையில் ஒருவன் யாருக்கோ அக்ரிலிக் தகடு அறுத்துக்கொண்டிருந்தான். வாள் பட்ட இடத்திலிருந்து அந்த மணம் வந்தது. நகப்பூச்சைச் சூடாக்கினால் வருவதுபோல, இனிப்பும் எரிச்சலும் கலந்த மணம். பலகையை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து காருக்குள் இருந்தேன். உன் இறுதிக்கிரியையில் எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கார்த் தரிப்பிடத்தில் வந்தது.

அந்த வாரத்தைப் பற்றி நான் யாருக்கும் சொன்னதில்லை. நீயும் சொல்லியிருக்க மாட்டாய். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

அந்தப் பழைய பிக்கப்பை நீ வாங்கிக்கொண்டு வந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பின்பெட்டிக்கு மேல் வெள்ளை ஃபைபர் கூடு, கூட்டின் இரண்டு பக்கமும் நீளக் கண்ணாடி. நாங்கள் இருவரும் பாண் சுடுகிற தொழிற்சாலையில் ஒரே பகுதியில் வேலை செய்தோம். பஸ் வாசலிலேயே நிற்கும். இது எதற்கு என்று கேட்டேன்.

"அதுகள் வந்தாப்பிறகு கடல் காட்டக் கொண்டு போவன்" என்றாய். "வடக்கை ஓடினா கடல் வருமாம். உதுக்குள்ளை மெத்தையைப் போட்டா மூண்டு பேரும் படுக்கலாம்."

அதுகள் என்றால் உன் மனைவியும் ஆரணியும். நீ கிளிநொச்சியை விட்டு வரும்போது ஆரணி நடக்கத் தொடங்கியிருக்கவில்லை. உனக்கு இங்கே ஜெர்மனியில் வதிவிட அனுமதி கிடைக்கவே வருடங்கள் போய்விட்டன. கிடைத்தபின், இங்கே வரவேண்டுமானால் மனைவி ஜெர்மன் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ண வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அவ அங்கே யாரிடமோ ஒரு புத்தகத்தைப் படப்பிரதி எடுத்துப் படித்தா. தொலைபேசியில் "இஹ் வோனெ இன் கிளிநொச்சி", நான் கிளிநொச்சியில் வசிக்கிறேன், என்று அவ சொல்ல, நீ ஒலிபெருக்கியில் போட்டு என்னையும் கேட்கவைத்தாய். பின்னாலிருந்து ஆரணி கேட்டாள்: "அப்பா, உங்கடை வாகனத்துக்கு யன்னல் இருக்கோ? நான் யன்னல் பக்கந்தான்."

பரீட்சை கொழும்பில். வன்னியிலிருந்து கொழும்புக்குப் போகும் பாதை பூட்டிக்கிடந்தது. பிறகு சண்டை வந்தது. அவர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிழக்குப் பக்கமாக இடம்பெயர்ந்தார்கள், பிறகு அங்கிருந்தும். ஒவ்வொரு இடத்தின் பெயரையும் நீ சுவரிலிருந்த வரைபடத்தில் விரலால் தேடுவாய். விரல் கடலுக்குக் கிட்டக்கிட்டப் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஞாயிறு காலை நான் உன் வீட்டில் இருந்தேன். யாருடையவோ செயற்கைக்கோள் தொலைபேசியிலிருந்து அவ எடுத்தா. வார்த்தைகள் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் விட்டுவிட்டு வந்தன. பதுங்குகுழிக்குள் வெள்ளம் என்றா. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றா. நீ, "பிள்ளையிட்டைக் குடு, பிள்ளையிட்டைக் குடு" என்றாய். ஆரணி "அப்பா" என்றாள். அதன்பிறகு ஒரு சத்தம். தொடர்பு அறுந்துவிட்டது.

நீ தொலைபேசியை மேசையில் மெதுவாக வைத்தாய். திரும்ப எடுக்க முயன்றாய், இலக்கம் வேலை செய்யவில்லை. எழும்பி, செருப்பும் போடாமல் அறையை விட்டுப் போனாய். மலசலகூடத்துக்காக்கும் என்று நினைத்தேன், பிறகுதான் வாசற்கதவு திறந்து கிடந்தது தெரிந்தது. நான் யன்னலால் எட்டிப் பார்க்கும்போது, சில்லுக் கழற்றுகிற இரும்பை எடுத்து நீ உன் வாகனத்தின் கண்ணாடியை அடித்துக்கொண்டிருந்தாய். ஒரு பக்கம் முடித்து மற்றப் பக்கம் போனாய். கத்தவில்லை. அழவில்லை. நான் ஓடிவந்து பின்னாலிருந்து கட்டிப் பிடித்தபோது உன் உடம்பு காய்ச்சல்காரனைப்போல் கொதித்தது. உன் காலடியெல்லாம் கண்ணாடித் தூள்.

"விடு மச்சான்" என்றாய். "முடிஞ்சுது."



அதன்பிறகு நீ வேலைக்கு வரவில்லை. நான் போய்க் கதவைத் தட்டினால் திறப்பாய், சோற்றுப் பெட்டியை வாங்கி வைப்பாய், அடுத்த நாள் அதே பெட்டி அதே இடத்தில் இருக்கும். என் மனைவி உன்னிடம் கதைத்துப் பார்த்தா. கோயிலுக்குப் போவோம் என்றா. சண்டையை நிறுத்தச் சொல்லி டுசல்டோர்ஃப் நகரில் ஊர்வலம், எல்லோரும் போகிறார்கள், வா என்று நான் கூப்பிட்டேன். நீ எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றாய், ஒன்றுக்கும் அசையவில்லை. உன் வீட்டுச் சவர அலகுகளையும் மாத்திரைகளையும் நான் எடுத்து ஒளித்துவைத்தேன். அது உனக்குத் தெரிந்திருந்தது. 

மழை விடாமல் பெய்த வாரம் அது. ஒரு நாள் பின்னேரம் வேலை முடிந்து வந்தபோது உன் வீட்டில் நீ இல்லை.  நிலக்கீழ் அறை, மொட்டைமாடி எல்லாம் ஓடினேன். கடைசியில் வாகனத்துக்குள் கண்டேன். உடைந்த கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாய். தொலைபேசியை ஒரு பொலித்தீன் பைக்குள் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தாய்.

"உள்ளுக்கை தண்ணி நிக்குது மச்சான்" என்றாய். "அதுகள் வந்தா எங்கை படுக்கிறது?"

எனக்குப் பயமாகிவிட்டது. உனக்கு மூளை குழம்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவ்வளவு நாளில் நீ வாய்திறந்து கேட்ட முதல் கேள்வி அது. அதற்கு ஆறுதலாக ஏதும் சொன்னால் பொய்யாகப் போய்விடும். ஆகவே, "கண்ணாடி போடுவம்" என்றேன்.

வாகனக் கராஜ்காரன் உதட்டைப் பிதுக்கினான். இந்தக் கூட்டைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை, இதற்குக் கண்ணாடி எங்கும் கிடைக்காது, கூட்டையே மாற்று என்றான். நீ திரும்பி நடந்தாய். வாசலில் நின்று என்னிடம், "நாங்களே போடுவம்" என்றாய். உன் குரலில் எதையோ பிடித்துவைத்திருக்கிற அழுத்தம் இருந்தது. அதை விட்டால் விழுந்துவிடுவாய் என்று எனக்குப் புரிந்தது.

முதலில் சட்டத்தைச் சுற்றியிருந்த கறுப்பு ரப்பரைக் கிழியாமல் கழற்றினோம். மிச்சக் கண்ணாடியைக் குறட்டால் ஒவ்வொன்றாக எடுத்தோம். ரப்பரை உன் வீட்டுக் குளியல்தொட்டியில் சுடுதண்ணீருக்குள் ஊறப்போட்டு, அதன் நீளப் பள்ளமான தவாளிப்புக்குள் இருந்த அழுக்கைப் பழைய பல்துலக்கியால் உரஞ்சினாய். நீ அதை உரஞ்சிய விதத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி வைத்தேன். பிறகு கடதாசி மட்டையை ஓட்டைக்கு மேல் வைத்து அளவு வெட்டி, அதை வாங்கிவந்த அக்ரிலிக் தகட்டின் மேல் வைத்துக் கோடு கீறினோம்.

நிலக்கீழ் அறையில்தான் அறுத்தோம். இரவல் வாங்கிய மின்வாள். நீ வாளைப் பிடிக்க, நான் தகட்டைப் பிடித்தேன். மூலை வளைவு வரும்போது நீ அவசரப்பட்டாய். டக்கென்று ஒரு சத்தம். தகடு குறுக்கே வெடித்துப் போயிற்று.

நீ நிலத்தில் குந்திவிட்டாய். இரண்டு துண்டையும் கையில் எடுத்துச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தாய்.

"நான் தொட்டதெல்லாம் உடையுது" என்றாய். "என்னாலை ஏலாது மச்சான். நீ போ."

"இன்னொரு தகடு வாங்குவம்."

"அதுவும் உடையும்."

"உடைஞ்சா இன்னொண்டு."

"அவள் அப்பா எண்டு சொன்னவள். நான் ஒண்டும் சொல்லேல்லை. நான் சொல்லுறதுக்குள்ளை..."

உனக்குப் பக்கத்தில் நானும் குந்தினேன். மேலே யாரோ உடுப்புத் தோய்க்கிற இயந்திரத்தைப் போட்டார்கள். அது ஓடி, சுழன்று, நிற்கும்வரை நாங்கள் அப்படியே இருந்தோம். நின்றதும் நீ எழும்பி, உடைந்த துண்டில் வாளை வைத்து அறுத்துப் பார்க்கத் தொடங்கினாய். வேகமாக ஓட்டினால் தகடு சூடாகி இளகி ஒட்டுகிறது. மெதுவாக விட்டால் பல் கடிக்கிறது. பல் நெருக்கமான அலகை மாட்டி, கோட்டின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டி, நான் தண்ணீர் சொட்டவிட அறுத்தபோது வாள் வழுக்கிக்கொண்டு போயிற்று. அந்த மணம் அறை முழுக்க நிறைந்தது. இரண்டாவது தகடு உடையவில்லை. நீ விளிம்பை அரத்தாளால் தேய்த்து, விரலால் சுற்றித் தடவிப் பார்த்தாய்.

அடுத்த நாள் மழை சற்று விட்டது. ரப்பரைத் தகட்டில் சுற்றி, அதன் வெளித் தவாளிப்புக்குள் ஒரு மெல்லிய கயிற்றை வைத்து, பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத் தண்ணீர் பூசினோம். நீ உள்ளே, நான் வெளியே. நான் தகட்டைச் சட்டத்தோடு அழுத்த, நீ உள்ளிருந்து கயிற்றை இழுக்க வேண்டும். கயிறு வரவர ரப்பரின் உதடு சட்டத்துக்கு மேலே ஏறிக் குந்தும். ஒருவர் விட்டாலும் முழுவதும் வெளியே வந்துவிடும். தகட்டில் பாதுகாப்புக்கு ஒட்டியிருந்த நீலத்தாளை இன்னும் உரிக்கவில்லை. எனக்கு உன் முகம் தெரியவில்லை, நிழல் மட்டும் அசைந்தது.

பாதி ஏறியபோது உன் தொலைபேசி அடித்தது.

கயிறு நின்றது. நான் இரண்டு கையாலும் நெஞ்சாலும் தகட்டை அழுத்திக்கொண்டு நின்றேன். "ஹலோ" என்றாய். உன் குரல் அவ்வளவு மெலிந்து நான் கேட்டதில்லை. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, "ஓம் அண்ணை. இல்லை. ஒண்டும் தெரியாது. ஓம், வாகனம் தரலாம். கண்ணாடி போட்டுக்கொண்டிருக்கிறன்" என்றாய். ஊர்வலத்துக்குச் சாப்பாடு ஏற்ற யாரோ வாகனம் கேட்டிருக்கிறார்கள்.

கயிறு அசையவில்லை.  

"பிடிச்சுக்கொண்டு நிக்கிறியோ?" என்று உள்ளிருந்து கேட்டாய்.

"நிக்கிறன்."

"விட்டிடாதை."

கயிறு மெல்ல நகரத் தொடங்கியது. கடைசி மூலையும் ஏறியபோது நான் நீலத்தாளின் நுனியைப் பிடித்து உரித்தேன். உன் முகம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முழுவதும் நனைந்து இருந்தது. நீ ஏதோ சொன்னாய். எனக்குக் கேட்கவில்லை. திருப்பிக் கேட்கவும் எனக்குத் துணிவு வரவில்லை.

மற்றப் பக்கத்தையும் போட்டு முடித்து, குழாய் பிடித்துத் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. அன்று நீ சாப்பிட்டாய். அடுத்த கிழமை வேலைக்கு வந்தாய். வாகனம் சாப்பாட்டுப் பெட்டிகளோடு ஊர்வலங்களுக்குப் போய்வந்தது. ஊர்வலங்களால் அங்கே எதுவும் நிற்கவில்லை.

சண்டை முடிந்து நெடுநாளுக்குப் பிறகுதான் அகதி முகாமிலிருந்து செய்தி வந்தது. ஆரணி உயிரோடு இருந்தாள். பக்கத்துப் பதுங்குகுழியிலிருந்த ஒரு பெண் அவளைக் கூட்டிக்கொண்டு நடந்திருக்கிறா. ஆரணியின் அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டா. நீ அதைக் கேட்டு, "எனக்குத் தெரியும்" என்றாய்.  ஆரணி இங்கே வந்து சேர்வதற்குள் உன் தலை முழுவதும் நரைத்துவிட்டது.

அவள் வந்த கோடையில் நாம் மூவரும் வடகடலுக்குப் போனோம். அவள் யாரோடும் கதைக்காத காலம் அது. கடல் தெரிகிற இடத்தில் வாகனத்தை நிறுத்தியதும் மழை பிடித்துக்கொண்டது. அவள் பின்கூட்டுக்குள் ஏறி மெத்தையில் இருந்து, கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கடலைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, இதுக்குள்ளை தண்ணி வராதோ?" என்றாள்.

"வராது பிள்ளை" என்றாய். "மாமாவும் நானும் போட்டது."

அவள் அன்றிரவு விழிக்காமல் உறங்கினாள் என்று காலையில் எனக்குச் சொன்னாய். அதைச் சொல்லும்போது உன் முகம் எப்படி இருந்தது என்பதை எழுத எனக்குத் தெரியவில்லை.

இந்தக் குளிர்காலத்தில் வேலைத்தலத்தில் உன் இதயம் நின்றுபோயிற்று. நான் அப்போது உன் பக்கத்தில் இல்லை. ஆரணி இப்போது வேலைக்குப் போகிற பிள்ளை, ஆனாலும் அந்த வீட்டில் தனியே. கிரியைகள் முடிந்து எல்லோரும் போனபின் நான் போனேன். கதிரையில் மேற்சட்டையோடு இருந்தாள். நான் கொண்டுபோன சாப்பாடு மேசையில் ஆறியது.  எல்லாம் சரிவரும் என்று சொல்கிற பழக்கம் எனக்கு அந்த வாரத்தோடு போய்விட்டது.

"வீட்டிலை என்ன பழுதாக்கிடக்கு பிள்ளை?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "குளியலறைக் கதவு சாத்துப்படுகுதில்லை மாமா. அப்பா செய்யிறன் எண்டவர்."

உன் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்தேன். கீழ்ப் பிணைச்சல் தளர்ந்து கதவு நிலத்தில் உரசியது. அவளைக் கதவைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு நான் முழங்காலில் இருந்து ஆணியை முறுக்கினேன். முறுக்கிக்கொண்டிருக்கும்போதே கதவு நடுங்கத் தொடங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு கையாலும் கதவைத் தாங்கிக்கொண்டு அழுதாள். கதவை விடவில்லை. நானும் வேலையை நிறுத்தவில்லை.