கட்டாமல் விட்ட வாரண்ட்

இல்லை, கட்டவில்லை. கட்ட வேண்டாம் என்று உன் அம்மாவிடம் சொன்னதும் நான்தான்.

ஐந்தருவிச் சாலையில் உங்கள் சீசன் கடை. ஈரத் தார்ப்பாயின் வாடை. உரித்த ரம்புட்டான் தோல். அதற்குள் நின்றால், பின்னால் எங்கோ நீ துண்டு பிழிந்துகொண்டிருப்பதுபோல் இருக்கிறது. நீ போன பிறகு வரும் முதல் சாரல் இது.

சில நாள் முன்பு இங்கேதான், நான் அத்தை என்று கூப்பிடும் உன் அம்மா வளையல்களைக் கழற்றித் தராசுத் தட்டில் வைத்தார்.

"கடைசித் தேதி வருதுன்னு போன்ல வந்துட்டு. இத அடகு வச்சு அவ வாரண்டுக்குக் கட்டிருட்டி."

பங்குகள் கிடக்கும் உன் டீமேட் கணக்குக்கு அவர்தான் நாமினி. நீ இறந்ததும், வாங்கியவை எல்லாம் அவர் பெயருக்கு வந்துவிட்டன. அந்த வாரண்டும்.

நாம் அதை ஒரே நாளில் வாங்கினோம். தென்காசிப் பேருந்து நிலையத்தின் டீக்கடையில், உன் போனில் ஒருமுறை, என் போனில் ஒருமுறை. அதை வெளியிட்டது, மற்ற கம்பெனிகளின் பங்குகளை வாங்கி வைத்திருப்பதே தொழிலான ஒரு முதலீட்டு நிறுவனம். அதன் கையில் உள்ள பங்குகளின் மதிப்பைவிட அதன் சொந்தப் பங்கு மலிவாக விற்றது. அந்த இடைவெளி ஒரு நாள் குறையும் என்பது உன் எண்ணம். பங்கையே வாங்க நம்மிடம் பணம் இல்லை. வாரண்ட் மலிவு; கடைசித் தேதிக்குள், அதில் எழுதிய விலையைக் கட்டிப் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை மட்டும்தான் அது.

எனக்குப் புரியவில்லை. நீ கடையை வைத்துச் சொன்னாய்.

"சீசன் கடை ஏலம் மாதிரிட்டி. இப்பக் கொஞ்சம் குடுத்து எடத்தப் பிடிச்சுக்கிடுதோம். அருவில தண்ணி விழுந்தா சரக்கு எறக்குவோம். விழலேன்னா எறக்க மாட்டோம். போறது முன்பணம் மட்டுந்தான்."

"எறக்காம என்ன செய்வ?"

"கடையப் பூட்டிட்டுக் குளிக்கப் போவேன்."

"தண்ணியே இல்ல, எங்கனட்டி குளிப்ப?"

டீ சிந்தச் சிரித்தாய். பிறகு உன் அப்பாவைப் பற்றிச் சொன்னாய். அருவி காய்ந்து கிடந்த ஒரு வருடம். ஏலத்துக்குப் பணம் கட்டியாயிற்றே என்று கடை நிறையப் பழம் இறக்கினார். எல்லாம் கறுத்துப்போனது. "போன முன்பணத்துக்காவப் பின்னாலயே போவக் கூடாது" என்றாய்.

இடைவெளி குறையவில்லை. நீ இருந்தபோதும், பிறகும். வாரண்டில் எழுதிய விலையைவிடப் பங்கு இப்போது சந்தையில் மலிவு. அத்தையிடம் இதைத்தான் சொன்னேன். கட்டினால் கடையில் கிடைப்பதைக் கூடுதல் விலைக்கு வாங்குவதுபோல.

"நஷ்டம்னா இருக்கட்டும். அவ வாங்குனதுல்லா. அவளே போய்ட்டா, அதையும் போவ விடணுமா?"

பழம் வாங்க வந்தவர் ஒருவர் விலை கேட்டுவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்து நகர்ந்தார்.

"மாமா பழம் எறக்குன வருசம் ஞாபகம் இருக்கா, அத்தே?"

அத்தை ஒரு வளையலைத் தட்டில் உருட்டினார்.

"எறக்காதியன்னு சொன்னேன். கேட்டாத்தான?" பிறகு, "அந்தக் கதைய உன்கிட்டயும் சொல்லிருக்காளா?"

"அத வச்சுத்தான் எனக்கு வாரண்டே வெளங்குச்சு" என்றேன்.

"பங்கு வேணும்னா சந்தையில வாங்கித் தாரேன், இதவிடக் கொறஞ்ச விலைக்கு" என்றேன். தலையாட்டி மறுத்தார். "அது நீ வாங்குனதா இருக்கும்." வளையல்களை எடுத்து மாட்டிக்கொண்டார். ஈரக் கையில் எளிதாக ஏறின.

கடைசித் தேதி நேற்று. நானும் கட்டவில்லை. கணக்கில் இருந்து அந்த வாரண்டின் பதிவு போய்விடும் என்கிறார்கள். உன் கணக்கு முறை மட்டும் என்னிடம் தங்கியிருக்கிறது. எதற்குப் பணம் கொடுக்கும் முன்பும், கட்டாமல் விட்டால் என்ன போகும் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் அது பொருந்தவில்லை.

இன்று காலை ஐந்து அருவியிலும் நல்ல தண்ணீர். மங்குஸ்தான் வண்டி வந்தது. அத்தையோடு சேர்ந்து சரக்கு இறக்கினேன்.