பின் கதவுக் கைப்பிடி

அன்புள்ள என் மனைவிக்கு,

இங்கே நான் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். எழுதிவிட்டேன். நீயும் குட்டியும் நலமா என்று இந்தத் தடவை சும்மா கேட்கவில்லை. பயந்துபோய்க் கேட்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். இதைப் படிக்கும்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தால், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார். கார் சாவியை எடுத்து அரிசி டின்னுக்குள் போடு. குட்டியை அந்தக் காரில் ஏற்றாதே. நீயும் ஏறாதே. ஏன் என்று சொல்கிறேன். 

உன் கடிதமும் போட்டோவும் திங்கட்கிழமை வந்தன. வாரம் ஒருமுறை தண்ணீர் லாரி டிரைவர்தான் டவுனிலிருந்து தபால் வாங்கி வருவான். அப்போது நான் கல் உடைக்கிற மிஷினுக்கு அடியில் படுத்துக் கிடந்தேன், கை முழுக்க கிரீஸ். அதனால் சமையல்காரரைப் பிரித்துப் படிக்கச் சொன்னேன். அவர் படிக்கப் படிக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் எழுதியனுப்பிய பட்டியல்படி, சொல்லாமல் கொள்ளாமல் காலையிலேயே கார் கடையில் போய் நின்றாயாமே! பானெட்டில் கை வைத்து, என்ஜின் சில்லென்று இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ணச் சொன்னாயாமே! துணியில் சுற்றிய காந்தத்தை வைத்துக் கதவு கதவாகத் தடவினாயாமே! நீ ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவி மோந்து பார்த்தாய் என்றதும் இங்கே ஒரே சிரிப்பு. மோந்து பார்க்க நான் எப்போதடி சொன்னேன்?

நம் கையில் இருந்த தொகைக்கு அதைவிட நல்ல வண்டி கிடைக்காது என்று எழுதியிருந்தாய். பார்த்த ஆறு வண்டியில் நான் சொன்ன எல்லாச் சோதனையிலும் தேறியது அது ஒன்றுதான் என்றும் எழுதியிருந்தாய். நான் எல்லோரையும் பார்த்து, என் பெண்டாட்டியை யாரும் ஏமாற்ற முடியாது என்று பீற்றிக்கொண்டேன்.

பிறகு கையைத் துடைத்துவிட்டுப் போட்டோவை வாங்கினேன். குட்டி ஊன்றுகோலைத் தரையில் வைத்துவிட்டு, பின் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரிய நிற்கிறாள். ஆபரேஷனுக்கு அப்புறம் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அவள் விரலுக்குப் பக்கத்தில், கைப்பிடியில் கறுப்பு பெயின்ட் கொஞ்சம் உரிந்திருக்கிறது. உள்ளே வெள்ளி நிறம் தெரிகிறது. போட்டோவை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். நம்பரைப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

அந்தக் கறுப்பு பெயின்ட்டை அடித்தவன் நான்தான்.

அது ஒரு கார் இல்லை. இரண்டு கார். ஒன்று முன்பக்கம் நசுங்கியது, இன்னொன்று பின்பக்கம் நசுங்கியது. புரோக்கர் இரண்டையும் இரும்பு விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தான். அவன்தான், நீ கடிதத்தில் 'சிரித்துக்கொண்டே இருக்கிற ஆள்' என்று எழுதினாயே, அவனேதான். அவன் கடையில் வாங்குவாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அவன் கடை ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. இரண்டையும் நடுவில் அறுத்து, நல்ல பாதிகளைச் சேர்த்து வெல்டிங் பண்ணினேன். முன்கதவுகளில் கறுப்புக் கைப்பிடி, பின்கதவுகளில் வெள்ளி. அதை மறைக்கத்தான் பெயின்ட்.

நம்பவில்லையென்றால் பின் சீட்டைத் தூக்கிப் பார். அதற்கு முன்னால் கால் வைக்கிற இடத்தில் கிடக்கிற விரிப்பையும் உரித்துவிடு. தரையில் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுவரை ஒரு கோடு ஓடும். நீ நாள் முழுக்கத் துணி தைக்கிறவள், ஒட்டுப் போட்டதைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவாய். மெதுவாகப் போகும்போது ஒன்றும் ஆகாது. வேகமாகப் போகும்போது ஒரு லாரி இடித்தால், ஒரு பள்ளத்தில் தூக்கிப் போட்டால், அந்தக் கோடு பிரியும். குட்டி படுத்துக்கொண்டு வருவது சரியாக அதற்கு மேலே.

நான் சொன்ன சோதனையெல்லாம் தேறியதே என்பாய். தேறாமல்? அதையெல்லாம் தாண்ட வேண்டும் என்றுதானே பார்த்துப் பார்த்துச் செய்தேன். நசுங்கின இடத்தில் பட்டி பூசி நிரப்பினால் காந்தம் ஒட்டாது, அதனால் இரும்புத் தகடாகவே வைத்து அடித்தேன். உனக்கு எழுதிய பட்டியலில் பின் சீட்டைத் தூக்கிப் பார் என்பதையும் முதலில் எழுதினேன். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்டால் என்ன சொல்வது என்ற பயம். அந்த ஒரு வரியை மட்டும் அடிக்காமல் விட்டிருந்தால் இன்றைக்கு நீ தப்பித்திருப்பாய். நான் மனுஷனே இல்லை.

நான் இந்த வெளிநாட்டு வேலைக்கு வருவதற்கு முன்னால், குட்டியின் ஆபரேஷனுக்கு முன்பணம் கட்ட வேண்டிய வாரம் அது. பணம் ஏது என்று நீ கேட்டாய். பழைய முதலாளி கொடுத்தார் என்றேன். அது புரோக்கர் கொடுத்த கூலி. வெல்டிங் பண்ணும்போது, யாரோ வாங்கப் போகிறார்கள், நமக்கென்ன என்று நினைத்தேன். அந்த யாரோ ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து நிற்பாள் என்று தெரியாமல் போயிற்று.

போட்டோவைப் பார்த்த அன்றைக்கே இங்கே முதலாளியிடம் லீவு கேட்டேன். இன்னும் எட்டு மாதம் முடியாமல் போக முடியாது என்கிறார். பாஸ்போர்ட் அவரிடம் இருக்கிறது. லாரி டிரைவரிடம் ஒரு தாளில் எழுதி, தந்தி அடிக்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன். காரை எடுக்காதே, கடிதம் வருகிறது, அவ்வளவுதான். அடித்தானா, சட்டைப் பையிலேயே வைத்துத் துவைத்துவிட்டானா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். இந்தக் கடிதம் அடுத்த லாரியில் போகும். அது வந்து சேர்வதற்குள் நீங்கள் ஆறேழு தடவையாவது ஆஸ்பத்திரி போய் வந்திருப்பீர்கள். ராத்திரி பகலாக அதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இனி என்ன செய்வது என்று கேட்பாய். எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் அவளால் உட்கார முடியாது, போன மாதம் ஒரு பிரேக்குக்கே துடித்துவிட்டாள் என்று நீதான் எழுதினாய். வாரம் மூன்று நாள் போகாவிட்டால் இடுப்பு இறுகிவிடும் என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார். டாக்ஸிக்கு எத்தனை நாள் கொடுப்பாய்? புரோக்கரிடம் சண்டை போட்டால் பாதி விலைக்குத் திருப்பி எடுத்துக்கொள்வான், சிரித்துக்கொண்டே எடுத்துக்கொள்வான். அடுத்த வாரம் அது வேறொரு குட்டியின் வீட்டு வாசலில் நிற்கும். அதனால் அவனிடம் கொடுத்துவிடாதே. இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

வேண்டுமானால் இந்தக் கடிதத்தை வண்டி பரிசோதிக்கிற ஆபீசில் காட்டு. அவன் மாட்டுவான், நானும் மாட்டுவேன். என்னைப் பற்றி யோசிக்காதே என்று எழுத ஆசைதான். ஆனால் நான் மாட்டினால் மாதாமாதம் வருகிற பணமும் நின்றுவிடும், குட்டியின் வைத்தியமும் நின்றுவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள்மேல்தான் போய் இடிக்கிறது. நீ என்ன முடிவு எடுத்தாலும் சரி. நான் வாய் திறக்க மாட்டேன்.

போட்டோவுக்குப் பின்னால் குட்டி எழுதியிருந்ததை நீ பார்த்தாயா? படுத்துக்கொண்டே போனால் ஜன்னலில் வானம் முழுக்கத் தெரிகிறதாம். இப்போதெல்லாம் வலியே இல்லையாம்.

உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட விழாமல் இருக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். கோபம் தீராவிட்டால் எனக்கு எழுதாதே, குட்டியை மட்டும் ஒரு வரி எழுதச் சொல். அவள் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

கார் ஏன் சும்மா நிற்கிறது என்று அவள் கேட்டால் ரிப்பேர் என்று சொல்லிவிடு. அப்பா வந்து சரி பண்ணிவிடுவார் என்பாள். அப்பாவுக்குத் தெரியாத வண்டியே கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள் அவள். 

இப்படிக்கு,
உன் கணவன்