நான்கு குஞ்சுகளும் பெரிய வாத்துகளும்

பீர்க்கன்கரணை,
9 ஜூன் 2024

அப்பாவுக்கு,

ஹெப்சி எழுதுகிறேன். உங்கள் மறுவாழ்வு இல்லத்தில் போன் தர மாட்டார்களாம், கடிதம் மட்டும்தானாம். அம்மா எழுதச் சொல்லவில்லை. வாத்துகளுக்காக நானே எழுதுகிறேன்.

நீங்கள் அங்கே போன அன்று கோழிக்கு அடியில் வைத்த ஏழு வாத்து முட்டைகளில் ஐந்து பொரித்தன. குஞ்சுகளை மூன்று வாரம் பார்த்துக்கொண்ட கோழி, அப்புறம் கண்டுகொள்ளவே இல்லை. குஞ்சுகள் தனியாகக் கத்துகின்றனவே என்று நேற்று பெரிய வாத்துகள் மூன்றோடும் விட்டேன். ஆண் வாத்து ஒரு குஞ்சின் கழுத்தைக் கவ்வி உலுக்கியது. நான் ஓடிப்போய்ப் பிடுங்குவதற்குள் செத்துவிட்டது.

மீதி நான்கும் என் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. வீடெல்லாம் நாற்றம். எப்படிச் சேர்ப்பது என்று எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ஹெப்சி


14 ஜூன் 2024

என் செல்ல மகள் ஹெப்சிக்கு,

அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. வார்டன் அசரியா சார் உன் கடிதத்தைக் கொடுத்தபோது வேறு யாருக்கோ என்று நினைத்தேன். இங்கே வந்து எனக்கு வந்த முதல் கடிதம். ரொம்ப நன்றிடா.

குஞ்சு செத்தது உன் தப்பு இல்லை. கொட்டகையை நடுவில் கம்பிவலை கட்டிப் பிரித்துவிடு. ஒன்றை ஒன்று பார்க்கலாம், தொட முடியாது. பெரியவற்றின் தீவனத்தைக் குஞ்சுகளுக்குப் போடாதே, அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். தண்ணீர் தாம்பாளத்தில் வை, தொட்டியில் விடாதே. அவை பெரியவற்றில் முக்கால் அளவு வளரும்வரை அவசரப்படாதே. அப்புறம் ஒரு சாயங்காலம், கொட்டகைக்குள்ளே இல்லாமல் வெளியே திறந்த இடத்தில் எல்லாவற்றையும் விடு. இரண்டு இடத்தில் தீனி வை. பக்கத்திலேயே நில். ஒரு கொத்து கொத்தினால் விட்டுவிடு. கழுத்தைப் பிடித்தால் உடனே பிரி.

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. போன வருஷம் நாலு குஞ்சுகள் செத்தபோது தெருநாய் வேலை என்றேன். நாய் இல்லை. மத்தியானம் குடித்துவிட்டு, குஞ்சுகளைப் பெரியவற்றோடு விட்டுவிட்டு, நான்தான் தூங்கிப்போனேன்.

அன்புள்ள அப்பா,
டெனிஸ்


27 ஜூன் 2024

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் காட்டினேன். "எனக்கு அப்பவே தெரியும்டி" என்றாள். எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

அந்த நாய்க்கு நான் தினமும் பிஸ்கட் போடுவேன். நீங்கள் சொன்னதை நம்பி அதைக் கல்லால் அடித்தேன் அப்பா. காலை நொண்டிக்கொண்டே ஓடியது. அதற்கப்புறம் நம் தெருப்பக்கமே வரவில்லை. நீங்களும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்?

வலை கட்டிவிட்டேன்.

ஹெப்சி


2 ஜூலை 2024

அன்பு மகளே,

ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் திறந்திருந்தால் அது கல்லடி பட்டிருக்காது. அன்றைக்கு நான் நாயைப் பார்க்கவில்லை, உன் முகத்தைத்தான் பார்த்தேன். இவ்வளவு நம்புகிறாளே என்று போய் மறுபடியும் குடித்தேன். இதை இங்கே கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். உன்னிடம் சொல்வதுதான் அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கோபமாகவாவது எழுதினாயே, அதற்கே நன்றி. குஞ்சுகளைப் பார்த்துக்கொள்.

அப்பா


14 ஜூலை 2024

அன்புள்ள அப்பா,

நேற்றுச் சாயங்காலம் விட்டேன். கையில் துடைப்பத்தோடு நின்றேன். ஆண் வாத்து தலையைத் தாழ்த்திக்கொண்டு நேரே வந்தது. முன்னால் நின்ற குஞ்சின் முதுகில் ஒரு கொத்து. அது கத்திக்கொண்டே தீனித் தட்டுக்குப் பின்னால் ஓடியது. நீங்கள் சொன்ன மாதிரியே நான் அசையவில்லை. ஆண் வாத்து கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுத் தவிடு தின்னப் போய்விட்டது. அவ்வளவுதான்! அப்புறம் மழை வந்தது. ஏழும் சேற்றில் ஒன்றாகக் கிளறிக்கொண்டிருந்தன. நான் நனைந்தபடியே இருட்டும்வரை நின்றேன். அம்மாவும் ஜன்னலில் இருந்து பார்த்தாள்.

ஒவ்வொன்றையும் பொறுமையாக எழுதினீர்களே, அதற்கு நன்றி அப்பா. அந்த இன்னொரு விஷயத்தைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. நீங்களாகவே சொன்னீர்கள். கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் அதற்கும் நன்றி.

வெள்ளிக்கிழமை உங்களை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். அம்மா வரவில்லை என்கிறாள். அவளைக் கேட்காதீர்கள், அவளுக்கு நாள் ஆகும். ஸ்கூலுக்கு லீவ் சொல்லிவிட்டேன். பெருங்களத்தூரில் எட்டு மணி லோக்கல் ரயிலைப் பிடித்தால் செங்கல்பட்டு வந்துவிடலாம். உங்கள் இல்லத்தின் கேட்டுக்கு வெளியே நிற்பேன்.

உங்கள் மகள்,
ஹெப்சி