கார்டில் மனைவி

ஜூன் 3

ஊமைக்கோட்டானுக்கு வாயாடி எழுதுவது,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஃபேக்டரி கொடுத்த காப்பீட்டுக் கார்டை எடுத்துக்கொண்டு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண், "வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்று கேட்டாள். எட்டு வருஷமாக அவர் ஒரு ஊர், நான் ஒரு ஊர் என்று சொல்ல வாய் வரவில்லை. "சளி பிடிச்சுப் படுத்திருக்காரு, வெந்நீர் வச்சுக் குடுத்துட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டேன். திரும்பி வரும்போது உங்களுக்கு நிஜமாகவே சளி பிடித்திருக்குமோ என்று கவலை வேறு. பிடித்திருந்தால் வெந்நீர் குடியுங்கள்.

விஷயம் இதுதான். கொஞ்ச நாளாக வலது விலாவுக்குக் கீழே வலி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துப் பித்தப்பையில் கல் என்கிறார்கள். என்னைக் கல்நெஞ்சக்காரி என்பீர்களே, இடம் மட்டும் கொஞ்சம் தவறிவிட்டது. பையோடு எடுக்க வேண்டுமாம். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். தனி அறை, ஏசி, டிவி எல்லாம் உண்டு. ஆனால் இது பழைய வியாதி, செலவில் பாதிதான் தருவோம் என்கிறது காப்பீட்டுக் கம்பெனி. கல்லுக்கு வயசு எப்படிப் பார்த்தார்களோ தெரியவில்லை.

இதற்கு நடுவில் புதுச் சட்டம் வருகிறது. நாங்கள் லாட்ஜில் படுக்கை விரிப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது மேனேஜர் பேப்பரைச் சத்தமாகப் படித்தார். அடுத்த மாதத்திலிருந்து எல்லாருக்கும் அரசாங்கமே காப்பீடு கொடுக்கும். அவரவர் பெயரில் கார்டு, அதைக் காட்டினால் அரசாங்க ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம். கம்பெனிக் காப்பீட்டில் இருப்பவர்கள் அதிலேயே இருக்கலாம், இல்லாவிட்டால் மாறிக்கொள்ளலாம். இரண்டிலும் கால் வைக்க முடியாது. மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

"அப்ப எல்லாரும் ஒரே வரிசையா? நான் உனக்குப் பின்னாடி நிக்கணுமா?" என்று தரை துடைக்கிற அக்காவைக் கேட்டார் மேனேஜர்.

"பழகிடும் சார். நாங்க பழகலையா?" என்றாள் அக்கா.

நான் மாறட்டுமா, வேண்டாமா? மாறினால் உங்கள் கார்டில் 'மனைவி' என்று இருப்பதை நீங்கள்தான் ஆபீஸில் சொல்லி எடுக்க வேண்டும். வாயைத் திறந்து பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
வாயாடி

ஜூன் 10

வாயாடிக்கு,

சளி இல்லை.

மாற வேண்டாம். என் கூட வேலை பார்க்கிறவன் மூட்டு ஆபரேஷனுக்காக அரசாங்க ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் காத்திருந்தான். இனி எல்லாரும் அங்கே போய் விழுந்தால் வரிசை இன்னும் நீளும். எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. தொழிற்சங்கக் கூட்டத்தில் கை தூக்கியதும் அதற்குத்தான். ஆனால் நீ என்று வரும்போது கை ஏற மாட்டேன் என்கிறது. மீதிச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். தனி அறையில் படு.

இன்னொன்று. கார்டைப் புதுப்பிக்கும்போது ஆபீஸ் பெண் ஒவ்வொரு வருஷமும் கேட்பாள், "மனைவி இருக்காங்களா?" என்று. "ஆமா" என்பேன். அதைச் சொல்ல எனக்கு வேறு இடம் இல்லை.

இவ்வளவு நீளமாக நான் எழுதியதில்லை. கை வலிக்கிறது.

ஊமைக்கோட்டான்

ஜூன் 17

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

உங்கள் கடிதத்தை இஸ்திரி மேஜையில் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்ததில் ஒரு விரிப்பு கருகிவிட்டது. மேனேஜரிடம் உங்கள் மேல்தான் பழி போட்டிருக்கிறேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியை நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீளமான ஒரு பெஞ்சு, அதில் பாதி ஊர். கழிவறையைப் பற்றி எழுதினால் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது. வரிசை முடிந்து உள்ளே போனால், அதே டாக்டர். சாயங்காலம் தனியாரில் டை கட்டிக்கொண்டு "வாங்க மேடம்" என்றவர், காலையில் இங்கே டை இல்லாமல் "உக்காரும்மா" என்கிறார். கையும் அதே கை, கத்தியும் அதே கத்தி. ஒரு டைக்காக நாம் ஏன் பாதிச் செலவு செய்ய வேண்டும்?

காத்திருக்கத்தான் வேண்டும், நீங்கள் சொன்னது சரி. ஜூலை நடுவில்தான் தேதி கிடைக்கும். ஆனால் சத்தம் போடத் தெரிந்தவர்கள் எல்லாம் தனி வாசலில் போய்விட்டால், இங்கே மின்விசிறி சுற்றவில்லை என்று யார் கேட்பது? எங்கள் மேனேஜரை ஒரு வாரம் அந்த பெஞ்சில் உட்கார வைத்தால் போதும், விசிறி தானாகச் சுற்றும்.

இனி கோபப்படாமல் படியுங்கள். ஃபேக்டரி ஊர் மாறியபோது என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டி கட்டினீர்கள். வர மாட்டேன் என்று நானும் உட்கார்ந்துகொண்டேன். அப்புறம் ஏன் இந்த உறவை நான் வெட்டிவிடவில்லை? கார்டுக்காகவா, உங்களுக்காகவா? எனக்கே தெரியவில்லை. கார்டைத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். வயிற்றுவலிக்காகப் பெண்டாட்டியாக இருக்க எனக்கு இஷ்டமில்லை.

அதனால் என்னை எடுத்துவிடுங்கள். அந்தப் பெண்ணிடம் "ஆமா" சொல்ல முடியாதே என்று வருந்த வேண்டாம். இங்கே வார்டு வாசலில் காவலாளி, உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் "நோயாளிக்கு நீங்க யாரு?" என்று கேட்கிறார். தினமும் சாயங்காலம் நாலு மணிக்குக் கேட்பார்.

வாயாடி

ஜூன் 25

வாயாடிக்கு,

ஆபீஸில் சொல்லிவிட்டேன். "இறந்துட்டாங்களா சார்?" என்று கேட்டாள் அந்தப் பெண். "இல்லை, சொந்தமா கார்டு வாங்கிட்டா" என்றேன்.

தேதியை எழுது. ஒரு நாள் லீவு கேட்டிருக்கிறேன்.

ஊமைக்கோட்டான்

ஜூலை 19

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கல்லை ஒரு குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். இவ்வளவு சின்னதா என்று எனக்கே ஏமாற்றம்.

நேற்று நீங்கள் வந்ததைப் பார்த்தேன். காவலாளி கேட்டதும் "வீட்டுக்காரர்" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னீர்கள். உங்களுக்கு இத்தனை குரல் இருப்பது எனக்குத் தெரியாது. அப்புறம் விறுவிறு என்று நடந்து போய், எதிர் வரிசையில் தலையோடு போர்த்திப் படுத்திருந்த அம்மாவின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். ஜன்னலோரக் கட்டில் என்று எழுதியது நான்தான். ஜன்னல் இரண்டு பக்கமும் இருக்கிறது என்று எழுதவில்லை. அந்த அம்மா என்னைப்போல இரண்டு மடங்கு என்பதை நீங்கள் கவனிக்காததை மன்னித்துவிடுகிறேன்.

கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் நீங்கள் பேச ஆரம்பித்துவிட்டீர்கள். கல்யாணம் ஆனதிலிருந்து நீங்கள் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. கெடுக்க மனசு வரவில்லை. ஒரு வார்த்தையும் என் காதில் விழவில்லை. கை ஆடுவது தெரிந்தது, நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டது தெரிந்தது. கடைசியில் அந்த அம்மா போர்வையை விலக்கி, "நான் மன்னிச்சுட்டேன் தம்பி. உங்க சம்சாரம் அதோ அந்த வரிசையில இருக்காங்க" என்றார். அது மட்டும் நன்றாகக் கேட்டது. உடனே மணி அடித்து எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். ராத்திரி ரயிலுக்குப் போக வேண்டியவர், வாசலில் நின்று என்னைப் பார்த்து ஒரு கையை மட்டும் தூக்கினீர்கள்.

என்னதான் சொன்னார் என்று அந்த அம்மாவைக் கேட்டுப் பார்த்தேன். "அவரே வந்து சொல்லட்டும். நல்லாத்தான் சொல்றாரு" என்கிறார்.

வெள்ளிக்கிழமை என்னை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சனி, ஞாயிறு உங்களுக்கு லீவுதானே. உங்கள் கார்டு போன பிறகும் நாலு மணி ஆனால் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

உங்கள்
வாயாடி

பி.கு.: இங்கே வேறு விசேஷம் இல்லை. நீங்கள் போன பிறகு நானும் அந்த அம்மாவும் கொஞ்ச நேரம் சிரித்தோம். எனக்கு ஒரு தையல் பிரிந்துவிட்டது. மறுபடி போட்டார்கள். அதற்கும் என் சொந்தக் கார்டே போதும் என்றார்கள்.