சர்வீஸ் நம்பர் 87342

சேசு மரி சூசை துணை

வரதராஜன்பேட்டை
9.12.2007

அன்பு மகள் ஷாலினி மேரிக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாதா தயவில் நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அம்மாவுக்கு முட்டிவலி, எனக்கு அம்மா, மற்றபடி ஒரு குறையும் இல்லை. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகம் என்று போனில் தெரிந்துகொண்டாலும் கடிதத்தில் விசாரித்தால்தான் எனக்கு விசாரித்த மாதிரி இருக்கிறது. முந்திரிக் கொல்லையில் மழைக்குக் களை இடுப்பளவு நிற்கிறது, வெட்ட ஆள் இல்லை. கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுவதற்கு நேற்று ஏணி ஏறப் போனேன், அம்மா ஏணியைப் பிடுங்கிக்கொண்டாள். பதினஞ்சு வருஷம் கப்பலில் ஏணி ஏறி இறங்கினவன்டி நான் என்றேன், அப்ப காலு புதுசு என்றாள். ஸ்டார் இன்னும் தரையில்தான் கிடக்கிறது.

போனில் நீ நேவி டே எப்படிப்பா நடந்துச்சு என்று கேட்டாய். நல்லா நடந்துச்சும்மா என்று சொல்லிவிட்டு ரிசீவரை அம்மா கையில் கொடுத்துவிட்டேன். நல்லா நடக்கவில்லை, அல்லது ரொம்ப நல்லா நடந்தது, எது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் இருபத்துமூன்றாம் தேதியிலிருந்து நாம் மறுபடியும் அரியலூர் மாவட்டம். 2001இல் பிரித்தார்கள், அடுத்த வருஷமே பெரம்பலூரோடு சேர்த்தார்கள், இப்போது திரும்பப் பிரித்திருக்கிறார்கள். நம் முன்னாள் கடற்படையினர் சங்கத்துக்கு முதலில் பெரம்பலூர் மாவட்டம் என்று ரப்பர் ஸ்டாம்ப் செய்தோம், பிறகு அரியலூர் என்று ஒன்று செய்தோம், பிறகு பழையதைத் தேடி எடுத்தோம், இப்போது அரியலூர் ஸ்டாம்பை அலமாரியிலிருந்து எடுத்தால் ரப்பர் வெடித்து, அரியலூரில் பாதி எழுத்துதான் விழுகிறது. கடல் என்று ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத ஊரில் கடற்படைக்கு ஒரு சங்கம், அதற்கு இரண்டு ஸ்டாம்ப். தலைவர் நல்லதம்பி பெரம்பலூர்ப் பக்கத்துச் சிறுவாச்சூர்க்காரர், ஆகவே அவரே இப்போது வெளி மாவட்டம். அதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வருகிறது. சங்கம் தொடங்கிய 96இல் இருபத்துமூன்று பேர் இருந்தோம், பாதிப் பேர் கேன்டீன் ரம் பற்றித் தகவல் தெரியும் என்று சேர்ந்தவர்கள். இப்போது நல்லதம்பி, ஜெயங்கொண்டம் பழனிவேல், நான், மூன்றே பேர். பழனிவேல் பீரங்கிப் பக்கம் வேலை பார்த்ததில் காது போனவர், காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினாலும் சிரிப்பார். ஆனால் நம்பர் சொன்னால் மட்டும் எப்படியோ கேட்டுவிடும்.

நம்பர் என்றால் உனக்கே தெரியும். 87342. உனக்கு எழுதுகிற கடிதத்தில்கூட கையெழுத்துக்குக் கீழே சர்வீஸ் நம்பர் போடுகிற அப்பா உலகத்திலேயே எனக்குத்தான் என்று நீ கேலி செய்வாய், ஆனாலும் மஸ்கட்டுக்குப் போகும்போது சூட்கேஸ் பூட்டுக்கு 342 என்றுதான் வைத்துக்கொண்டு போனாய். நேவி டே அன்று நாங்கள் செய்வதும் அந்த நம்பரை வைத்துத்தான். இறந்துபோன ஒவ்வொருவருக்கும் நம்பர், ரேங்க், பெயர், ஊர் என்று செயலாளராகிய நான் படிப்பேன், கடைசியில் எட்டு மணி அடிப்போம். கப்பலில் ஒருவன் வேலை முறை முடிந்தால் எட்டு மணி, இரண்டு இரண்டாக நாலு தடவை. கூட்டம் நடப்பது பள்ளிக்கூடத்தில், மணிக்கு அங்கே தொங்குகிற தண்டவாளத் துண்டுதான். ஒரு வருஷம் வாட்ச்மேன் அய்யாக்கண்ணு நமக்கு உதவி செய்கிறேன் என்று நீளமாக அடித்துவிட, பள்ளிக்கூடம் முழுக்கப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. செத்தவர்களுக்கு அவ்வளவு சந்தோஷமான அஞ்சலி வேறு எந்த ஊரிலும் நடந்திருக்காது.

சங்கத்து விதிகளை எழுதியது உன் அப்பாதான், அதில் எனக்கு ரொம்பப் பெருமை இருந்தது. விதி மூன்று, சர்வீஸ் நம்பர் உள்ளவர் மட்டுமே உறுப்பினர். விதி ஐந்து, இறந்தவர் பட்டியலில் ஒரு நம்பர் ஒரு தடவைதான் வரும், இரண்டாம் தடவை கிடையாது. இதை ஏன் பிறகு சேர்த்தேன் என்றால், ஒரு வருஷம் ஒருவர் பேரை ஞாபகக் குறைவில் இரண்டு தடவை படித்துவிட்டேன், அவர் சம்சாரம் கோபித்துக்கொண்டார்.

அரும்பாவூர் பிச்சைமுத்துவை உனக்கு ஞாபகம் இருக்கும். டிசம்பர் மூணாம் தேதி, நேவி டேக்கு முதல் நாள், தகரப் பெட்டியோடு வருவானே, அவன்தான். என் கப்பலில் முடிவெட்டினவன். கப்பலில் முடிவெட்டுகிறவர், துணி வெளுக்கிறவர், தைக்கிறவர் எல்லாம் எங்களோடேயே சாப்பிட்டு எங்களோடேயே வாந்தி எடுத்துக் கிடப்பார்கள், ஆனால் சிவிலியன், நம்பர் கிடையாது, பென்ஷன் கிடையாது. எழுபத்தொண்ணு சண்டையில் அவனும் அதே கப்பலில்தான் இருந்தான், குண்டு விழுந்திருந்தால் நம்பர் கேட்டுவிட்டா விழுந்திருக்கும். 96இல் அவனும் சங்கத்தில் சேர ஃபாரம் பூர்த்தி செய்து கொண்டுவந்தான். நான் சிவப்பு மையில், சர்வீஸ் நம்பர் இல்லாததால் நிராகரிக்கப்படுகிறது என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, என் நம்பரையும் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவன் படித்துப் பார்த்துவிட்டு, சரிங்க சார், என்றான். அடுத்த மாதம் மூணாம் தேதி நாலு பஸ் மாறி வந்து இறங்கி, நாளைக்கு பரேடுல நிக்கப்போறீங்க, இப்படியா தலைய வச்சிருக்கறது, வாங்க உக்காருங்க என்று இருபத்துமூன்று பேருக்கும் நேவி கட்டிங் வெட்டிவிட்டான். மறுநாள் கூட்டத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போனான். பதினோரு வருஷம் அப்படித்தான்.

இந்த வருஷம் மூணாம் தேதி மூன்று பேரும் நம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டுச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். அவன் வரவில்லை. நல்லதம்பிக்குக் காதை மறைத்து முடி, பழனிவேலுக்குப் பிடரியில் சுருள். மறுநாள் அப்படியே போய் நின்றோம். கொடி ஏற்றி முடித்த நேரத்தில் ஒரு அம்மா தகரப் பெட்டியோடு உள்ளே வந்தார், பெட்டியைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அவன் சம்சாரம் வீரம்மாள். தீபாவளி கழிந்து ரெண்டாம் நாள் மாரடைப்பாம். நமக்கு யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை, தகவல் எழுதிப் போடத் தபால் அட்டை உறுப்பினர்கள் வீட்டில்தானே கொடுத்துவைக்கிறோம். அந்த விதியையும் நான்தான் எழுதினேன்.

வீரம்மாள் பெட்டியைத் திறந்து, கத்திரிக்கும் மெஷினுக்கும் அடியிலிருந்து ஒரு பேப்பரை எடுத்தார். பிளாஸ்டிக் போட்டு லேமினேஷன் செய்திருந்தது. இதான்யா அவரு சங்கத்துல சேந்த சர்ட்டிபிகேட்டு, நான் போயிட்டா இதக் கொண்டுபோயிக் காட்டு, எம் பேரப் படிச்சு மணி அடிப்பாங்கன்னு சொல்லிவச்சிருந்தாரு, எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா நம்பரு இருக்கு பாருங்க, கீழ எழுதியிருக்கு, என்று விரலை வைத்துக் காட்டினார். விரல் வைத்த இடத்தில் என் கையெழுத்து. அதற்குக் கீழே 87342.

நான் நிராகரித்த பேப்பரை அந்த மனுஷன் பெண்டாட்டியிடம் சர்ட்டிபிகேட் என்று சொல்லிப் பதினோரு வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான். இந்தக் கடிதத்திலேயே பார், அவன் இவன் என்றே எழுதிக்கொண்டு வருகிறேன். என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவர் என்னை சார் என்பார், நான் அவரை வாடா போடா என்பேன், இரண்டு பேருக்கும் அது தப்பாகவே தோன்றவில்லை, எனக்குத் தோன்றவில்லை என்று எழுதுவதுதான் சரி.

நல்லதம்பி பேப்பரை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு என் காதில், இது ரிஜெக்ட் ஆன ஃபாரம்யா, அதோட அவரு பெரம்பலூர் மாவட்டம், பக்குவமா சொல்லி அனுப்பிடு என்றார். சிறுவாச்சூர்க்காரர் சொல்கிறார். பிச்சைமுத்து செத்தது போன மாசம் பத்தாம் தேதி, அப்ப ஒரே மாவட்டம்தானே என்றேன். அப்ப நம்பர் எங்க என்றார். அவர் நம்பரைத்தான் சொன்னார், வேறு எதையும் சொல்லவில்லை. நம்பர் ஒரு வசதியான சாமான், அதற்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம். முடிவெட்டுகிறவர் பெயரை நம்மோடு சேர்த்துப் படிப்பதா என்று 96இல் இருபத்துமூன்று பேரில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, யாரும் சொல்ல வேண்டாம் என்பதற்காகத்தான் நான் விதி மூன்றை எழுதினேன். எழுதிய கை எது தெரியுமா, தழும்பு இருக்கிற அதே இடது கை.

அந்தத் தழும்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறும். சண்டையில் பட்டது என்று உனக்குச் சொல்லி, நீ பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினாயே, அது உருளைக்கிழங்கில் பட்டது. நான் எஞ்சின் ரூம் ஆள், கப்பலுக்கு அடிவயிற்றில் வேலை, பதினஞ்சு வருஷத்தில் நான் பார்த்த கடலை விட வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் அதிகம் பார்த்திருப்பார்கள். கொச்சியில் கப்பல் கட்டிக்கிடந்தபோது, திருட்டுத்தனமாக நீராவிக் குழாயைத் திறந்து வாளியில் உருளைக்கிழங்கு அவித்தேன், திருகியது கூடிப்போய்க் கை வெந்துவிட்டது. ஷேவிங்குக்கு வெந்நீர் பிடிக்க வந்த பிச்சைமுத்துதான் என்னைத் தோளில் போட்டு இரண்டு ஏணி ஏற்றினார். ஆபீசரிடம் குழாய் தானாக வெடிச்சுது சார் என்று சொன்னவர் அவர். என் கல்யாணத்தன்று காலையில் எனக்கு ஷேவிங் செய்ய வந்தபோது, உன் அம்மா வீட்டார் தழும்பைப் பார்த்துக் கேட்டதற்கு, சண்டையில பட்டதுங்க என்று சொன்னவரும் அவர்தான். எனக்காக இரண்டு பொய். தனக்காக அவர் சொன்னது ஒன்றே ஒன்று, அது லேமினேஷன் செய்து என் கையில் இருந்தது.

ஆகவே நான் படிக்கப் போனேன். இருபது பெயரையும் படித்தேன். இருபத்தொன்றாவதாக, நம்பர் 87342, கப்பல் முடிதிருத்துநர், பிச்சைமுத்து, அரும்பாவூர் என்று சத்தமாகப் படித்தேன். நல்லதம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார், பதினோரு வருஷமாக நான் அனுப்புகிற ஒவ்வொரு கடிதத்திலும் பார்த்த நம்பர் அவருக்குத் தெரியாதா. பழனிவேல் பாவம், அவர் காதில் நம்பர் மட்டும் விழுந்திருக்கிறது, எழுந்து நின்று, ஐயையோ அமல்தாசு நம்பராச்சே, அவன் எப்பய்யா செத்தான், எனக்கு ஏன் யாரும் சொல்லல என்று அழ ஆரம்பித்துவிட்டார். நான் அவருக்கு எதிரே பேப்பரோடு நிற்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றபோது நல்லதம்பியே எழுந்து போய் மணி அடிக்கிற இரும்புத் துண்டை எடுத்தார். இரண்டு இரண்டாக, நாலு தடவை, பிசகாமல் அடித்தார். அடித்துவிட்டு நேரே சிறுவாச்சூர் போய்விட்டார். வீரம்மாள் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவரு சொன்ன மாதிரியே செஞ்சிட்டீங்கய்யா என்றார். அவர் பக்கம் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பேப்பரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்து, அம்மாவும் நானும் ஜெயங்கொண்டம் வரை போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவிடம் உருளைக்கிழங்கு விஷயத்தைச் சொன்னேன். எனக்குக் கல்யாணத்தன்னைக்கே தெரியும், அந்த அண்ணனுக்குப் பொய் சொன்னா காது செவந்துபோவும் என்றாள். இருபத்தொன்பது வருஷம் என்னை வீரனாகவே நடத்தியிருக்கிறாள், அதற்காகவாவது ஏணி ஏறாமல் இருக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். நீ அந்தக் கட்டுரைப் பரிசைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு விஷயம் மட்டும் உனக்குத் தெரிந்திருக்கட்டும். விதி ஐந்துப்படி 87342 பட்டியலில் பிச்சைமுத்து பெயரில் ஏறிவிட்டது. எனக்குப் பிறகு நல்லதம்பியோ பழனிவேலோ யார் மிஞ்சியிருந்தாலும் என் பெயர் வரும்போது இந்த நம்பர் ஏற்கெனவே போய்விட்டது என்பார்கள், அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். நீ மஸ்கட்டிலிருந்து வந்து அவர்களோடு வாதாடாதே. கடைசி நாற்காலி ஒன்று காலியாக இருக்கும், அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போ, போதும்.

போட்டோவில் பேரனுக்குக் கண்ணை மறைத்து முடி தொங்குகிறது, கிறிஸ்துமஸுக்கு முன் வெட்டிவிடு. வெட்டுகிறவர் எந்த ஊர், பேர் என்ன என்று கேட்டுவைத்து எனக்கு எழுது, மறக்காதே. மாப்பிள்ளையைக் குளிரில் தலைக்குக் குளிக்க வேண்டாம் என்று சொல். மாதா உங்கள் மூன்று பேரையும் கையோடு பிடித்துக்கொள்ளட்டும், பிறக்கப்போகிற பாலன் உங்கள் வீட்டுக்குச் சமாதானம் தரட்டும் என்று அம்மாவும் நானும் தினம் ஜெபமாலையில் வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா
அமல்தாஸ்
(நம்பர் இல்லை)