ஞாயிறு மாலை அழுகை

7 பிப்ரவரி, வெள்ளி

மிளகின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதி மிளகின் துணிப்பையில் வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இவளைக் கொண்டுவந்து விடும்போது, பதிலை அதே பையில் வைத்துவிடுங்கள்.

போன வாரம் நீங்கள் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டீர்கள். கேட் கம்பியைப் பிடித்தவள் விடவேயில்லை. ஒரு விரலைப் பிரித்தால் இன்னொரு விரல் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் தரையில் விழுந்து, முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு ஒரே கத்தல். கீழ்வீட்டு டீச்சர் எட்டிப்பார்த்து, "என்னம்மா, பிள்ளைய அடிக்கிறியா?" என்று கேட்டார். லேபில் நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறேன். "இதோ முடிஞ்சுது கண்ணு" என்றால் அதுகள் கூட அடங்குகின்றன. நான் பெற்றதுதான் அடங்க மாட்டேன் என்கிறது.

இரண்டு நாள் கேட்டதையெல்லாம் கொடுத்துச் செல்லம் கொஞ்சி அனுப்பினால், மீதி ஐந்து நாளும் நான்தான் ராட்சசி. கொஞ்சம் யோசியுங்கள்.

சளி மருந்து பக்கவாட்டுப் பையில் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு கொடுங்கள்.

மிளகின் அம்மா


9 பிப்ரவரி, ஞாயிறு

மிளகின் அம்மாவுக்கு,

செல்லம் என்று எழுதியிருக்கிறாய். நான் கொஞ்சிய கதையைக் கேள்.

நேற்று லிஃப்ட் பொத்தானை நான் அமுக்கிவிட்டேன். அவள்தான் அமுக்க வேண்டுமாம். சரி என்று மேலே போனதைத் திரும்பக் கீழே வரவழைத்து, "இந்தா, அமுக்கு" என்றேன். "இது இல்ல, அந்த லிஃப்ட்" என்று உருண்டாள். கட்டடத்தில் இருப்பதே ஒரு லிஃப்ட். ஊரில் நின்றுபோன லிஃப்டையெல்லாம் ஓடவைத்துச் சம்பாதிக்கிறவன் நான். போய்விட்ட லிஃப்டை எங்கிருந்து கொண்டுவருவேன்?

மளிகைப் பை ஒரு கையில், இவள் ஒரு கையில். "வாய மூடு" என்று கத்திவிட்டேன்.

சட்டென்று மூடிக்கொண்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சமாதானமாகி அடங்கவில்லை அவள், பயந்து அடங்கினாள். நாம் ஒரே வீட்டில் இருந்து சண்டை போட்ட நாட்களில் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாளே, அதே முகம். அப்போது அவளுக்குப் பேச்சுகூட வரவில்லை.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல். குத்திக்காட்டாமல் சொல்.

மிளகின் அப்பா


21 பிப்ரவரி, வெள்ளி

மிளகின் அப்பாவுக்கு,

எனக்கும் தெரியவில்லை. அதனால் எங்கள் லேப் பக்கத்துக் குழந்தை டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அழும்போது பாடம் எடுக்காதீங்க, ஒண்ணும் காதுல ஏறாது. பக்கத்துல உக்காருங்க. முதல்ல உங்க மூச்சு நிதானமாகட்டும். அடிக்க வந்தா கையை மட்டும் பிடிங்க. அழுதாளேன்னு கொடுக்கவும் வேணாம், அழுதாளேன்னு தண்டிக்கவும் வேணாம். அடங்கினப்புறம் பேசுங்க" என்றார். கேட்கும்போது கல்கண்டு மாதிரி இருந்தது.

நேற்று பஸ் நிறுத்தத்தில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருந்தாள். சரியாகப் போட்டுவிட்டேன். அவ்வளவுதான், படுத்துவிட்டாள். நானும் நடைபாதையிலேயே உட்கார்ந்தேன். பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது. ஒரு பெரியவர், "ரெண்டு போடு, சரியாயிடும்" என்று இலவச யோசனை கொடுத்துவிட்டு ஏறிப்போனார். எனக்கு அழுகை முட்டியது. "கோவமா இருக்கியா? அம்மா இங்கதான் இருக்கேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். யாருக்குச் சொன்னேனோ. கடைசியில் மடியில் வந்து விழுந்து, என் தோளில் மூக்கைத் துடைத்துவிட்டு, "பஸ் எங்க?" என்றாள்.

லேபில் திட்டு வாங்கினேன். இருந்தாலும் நீங்களும் இதையே செய்யுங்கள். ஆளுக்கொரு விதமாக இருந்தால் அவள் எந்தப் பக்கம் சாய்வாள்?

மிளகின் அம்மா


9 மார்ச், ஞாயிறு

அன்புள்ள மிளகின் அம்மாவுக்கு,

நீ எழுதியது எனக்குப் புதிதில்லை என்று செய்யும்போதுதான் தெரிந்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கதவை உடைப்பதுபோல் தட்டுவார்கள். "ஏன் தட்டுறீங்க" என்று கேட்டால் இன்னும் தட்டுவார்கள். "நான் வெளியதான் நிக்கிறேன், போக மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மிளகிடமும் அதையே சொல்கிறேன். பொத்தானுக்கும் குளியலுக்கும் இப்போது சீக்கிரம் அடங்குகிறாள்.

ஆனால் ஞாயிறு மாலை மட்டும் முடியவில்லை. போன வாரம் நீயும் பார்த்தாய். ஒரு கையால் என் சட்டை, இன்னொரு கையால் உன் விரல். "அப்பா உள்ள வா, அப்பா உள்ள வா." நீ படியில் உட்கார்ந்தாய், நானும் உட்கார்ந்தேன். நடுவில் அவள் கிடந்து கத்தினாள். எவ்வளவு நாள் ஆயிற்று, நாம் இரண்டு பேரும் வாய் திறக்காமல், சண்டையும் போடாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து.

பொத்தானை அடுத்த முறை அமுக்கலாம் என்று சொல்ல முடிகிறது. இதற்கு என்ன சொல்வது? அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதானே. கொடுக்க முடியாதது என்று நாம் நிச்சயமாக முடிவு செய்துவிட்டோமா? தப்பாக எடுத்துக்கொள்ளாதே. கேட்கத் தோன்றியது.

மிளகின் அப்பா


14 மார்ச், வெள்ளி

அன்புள்ள மிளகின் அப்பாவுக்கு,

இளைத்துவிட்டீர்கள். படியில் உட்கார்ந்திருந்தபோது பார்த்தேன். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

நீங்கள் கேட்டதை இரண்டு நாள் மனசில் வைத்துப் புரட்டினேன். அவள் அழுகிறாள் என்பதற்காக நாம் சேர்ந்தால், மறுபடி அந்த மேஜைக்கு அடியில்தான் போய் உட்காருவாள். உங்களுக்கும் தெரியும். இனி அதைக் கேட்காதீர்கள். நீங்கள் கேட்டால் எனக்கு முடியாது என்று சொல்லத் தெம்பில்லை.

ஞாயிறன்று அவள் அடங்கும்வரை படியில் உட்காருவோம். வேறொன்றும் நம் கையில் இல்லை.

மிளகின் அம்மா


6 ஏப்ரல், ஞாயிறு

அன்புள்ள மிளகின் அம்மாவுக்கு,

இந்த வாரம் பையில் உன் கடிதம் இல்லை. போன ஞாயிறு நடந்ததை நானே எழுதுகிறேன்.

வழக்கம்போல உட்காரக் குனிந்தேன். நீயும் குனிந்தாய். அவள் நம் இருவருக்கும் நடுவில் புகுந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, தானாகப் படியேறினாள். மேலே போய் "டாட்டா" என்றாள். நாம் நிமிர்ந்து நின்றோம். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நான் வண்டியை எடுத்து, எங்கே போகிறோம் என்று தெரியாமல் வெகுதூரம் போய்விட்டேன்.

இந்த நாளுக்காகத்தானே அத்தனை பாடுபட்டோம்? சந்தோஷப்பட வேண்டும். வரவில்லை. அவள் கேட்பதையே விட்டுவிட்டாளோ என்று இருக்கிறது.

இனி நான் படிவரை வரவா, கேட்டோடு நிற்கவா? நீயே சொல்.

மிளகின் அப்பா


11 ஏப்ரல், வெள்ளி

அன்புள்ள மிளகின் அப்பாவுக்கு,

கேட்டோடு போதும். அவளே ஏறி வந்துவிடுகிறாள்.

போன ஞாயிறு நீங்கள் போனபிறகு அவளிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "அப்பா போயிட்டாரே, உனக்கு அழுகை வரலையா?"

"அப்பா, அப்பா வீட்டுக்குப் போயிட்டாரு," என்றாள்.

அப்பா வீடு. அந்த வார்த்தையை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையை அடக்கப் பார்த்தேன், அடங்கவில்லை. மிளகு கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் எழுந்திருக்கும்வரை அப்படியே இருந்தாள்.

மிளகின் அம்மா